மஸ்கட் ரம்பமும் எங்கள் வீட்டு பெஞ்சும்

தச்சுவேலைக்காரர் வீட்டில் விறகுக்குப் பஞ்சம் கிடையாது; நேரான கோட்டுக்குத்தான் பஞ்சம்.

இப்போது என் இரண்டு கையும் மரத்தூள் அடுப்பில் இருக்கின்றன. தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் பாட்டிலை உருவும்போது பொலபொலவென்று எல்லாம் சரிந்துவிடும். நன்றாக இடித்துப் பற்றவைத்தால் மூணு மணி நேரம் தானாக நின்று எரியும். விசிறவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். அந்த மூணு மணி நேரம்தான் எனக்கு நோட்டும் பேனாவும்.

இதோ, பாட்டிலை உருவியாயிற்று. சரியவில்லை. பற்றவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே பட்டறை வைத்துக் குடும்பம் நடத்தும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தறியோ, தையல் மிஷினோ, மாவு மிஷினோ, சோற்றில் விழுந்த தூளை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற கூட்டம்தானே நாம்.

இன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. எங்க வீட்டுக்காரரும் அவர் கூட்டாளி மாடசாமி அண்ணாச்சியும் கடையநல்லூரில் ஒரு ஹாஜியார் வீட்டுச் சுவர் அலமாரிகளுக்குப் பதினாறு கதவு மாட்டப் போயிருக்கிறார்கள். கதவுகள் இடைவெளி தெரியாமல் சேர்ந்துவிட்டால் இவர் ஊரோடு இருப்பார். சேராவிட்டால் மறுபடி மஸ்கட். விசாத் தாள் இவர் சட்டைப்பையிலேயே போயிருக்கிறது. அந்தத் தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிற காதர் அண்ணன் வீடு ஹாஜியார் வீட்டுக்கு அடுத்த வீடு.

போன தடவை இவர் மஸ்கட் போனபோது எங்கள் மகள் கோமு என் வயிற்றில் ஏழு மாசம். திரும்பி வந்தபோது அவளுக்கு மூணு வயசு ஆகப்போகிறது. வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்து, “எம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காக” என்று சொன்னாள். அப்படி ஒரு செய்தியை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் நல்ல சேதி வருகிற வரைக்கும், சிரித்த கதைகளை மட்டும் எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்.

பாட்டு வராத பெட்டி

மஸ்கட், துபாய் என்று போய் வருகிறவர்கள் கொண்டுவருவது டேப் ரிக்கார்டர். இவர் இறக்கிவைத்த அட்டைப்பெட்டியின் கனத்தைப் பார்த்ததும், ஸ்பீக்கர் இரண்டு உள்ளதுதான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. என் நாத்தனார் கேசட்டோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியைப் பிரித்தார். மேலே எனக்கு ஒரு சேலை, கோமுவுக்கு ஒரு கவுன். அதற்கும் கீழே, கம்பளித் துண்டில் சுற்றி, வட்டமாகப் பல் வைத்த ஒரு மிஷின். கையில் பிடித்து ஓட்டுகிற மின்சார ரம்பம். அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. நாத்தனார் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியே பார்த்துவிட்டாள்.

அதன் பிளக்கில் இருந்தது சதுரப் பல், நம் சுவரில் இருந்தது வட்ட ஓட்டை. பிளக்கை மாற்றி, கொல்லையில் வைத்து சுவிட்சைப் போட்டார். பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறின. கோமு என் முந்தானைக்குள் புகுந்தாள். நாத்தனார் கேசட்டைச் சேலையில் முடிந்துகொண்டு எழுந்தாள். மாடசாமி அண்ணாச்சி கைவாள் பிடித்தே ஒரு தோள் ஏறிப்போனவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. தெருமுனை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: “எல, எல்லாவனும் பாட்டுக் கேக்க ஒரு பெட்டி கொண்டாந்தான், நீ வசவு கேக்க ஒரு பெட்டி கொண்டாந்திருக்க!”

கட்டிலில் விழுந்த கோடு

முதல் வேலை ஒரு வாத்தியாருக்குப் புத்தக அலமாரி. அப்போது பெஞ்சு கிடையாது. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பிளைவுட்டைப் போட்டு அறுத்தார். பாதி தூரம் போனதும் பலகை நடுவில் தொய்ந்து, அறுத்த வாய் மூடிக்கொண்டு, ரம்பத்தைக் கவ்விப் பிடித்தது. மிஷின் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் வந்தது. நான் கோமுவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

பலகைக்கு அடியில் முழுசாகத் தாங்கல் இருந்தால்தான் கவ்வாது என்று இவருக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் முழுசாகத் தாங்குகிற சாமான் ஒன்றே ஒன்றுதான்: என் அம்மா வீட்டில் கொடுத்த பலகைக் கட்டில். மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பிளைவுட்டை அதன்மேல் விரித்தார். என்னை ஒரு முனையை அமுக்கச் சொன்னார். இந்தத் தடவை ரம்பம் வெண்ணெயில் போவது போலப் போயிற்று. அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கத்தான் மறந்துபோனார். பலகையைத் தூக்கினால், கட்டிலில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரு கோடு. அதன் வழியாகத் தரை தெரிகிறது.

கட்டில் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, படுக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோமு என்று நாங்களும் பழகிக்கொண்டோம். ஆனால் அலமாரி எப்போது வரும் என்று கேட்க வந்த வாத்தியார் கண்ணில் அது பட்டுவிட்டது. குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு கோடுதான விழுந்திருக்கு! இன்னும் மூணு போட்டுட்டா, பிள்ளைய உக்கார வச்சு இங்கிலீசு எழுத்துப் பழக்கிரலாம்.”

வாயை மூடாத மரம்

அதற்கப்புறம் பெஞ்சு செய்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. புது மரத்தில் செய்தால் இரண்டு கோடைக்குள் முறுக்கிக்கொள்ளும். அடுத்த தெருவில் ஒருவர் விசைத்தறி போடுவதற்காகத் தன் பழைய கைத்தறியைப் பிரித்துச் சுவரோடு சாத்தியிருந்தார். இருபது வருசம் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம். இனிமேல் முறுக்க அதில் ஈரம் இல்லை. இவர் அந்தச் சட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பிளைவுட் எட்டடிக்கு நாலடி, ஆகவே பெஞ்சும் எட்டுக்கு நாலு. மேலே மூடு பலகை கிடையாது. ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி குறுக்குச் சட்டம் மட்டும்தான். அதன்மேல் ரீப்பர் என்கிற ஒல்லி மரச்சட்டங்களில் கழிந்ததை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பிளைவுட். ரம்பம் பலகையை அறுத்துவிட்டு ரீப்பரில் ஒரு நூல் ஆழம் இறங்கினால் போதும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் தச்சர்கள் கணக்கில் ஒரு நூல். ரீப்பருக்குக் காயம் படும், பெஞ்சுக்குப் படாது. புண்ணான ரீப்பரை மாற்றிக்கொள்ளலாம். கட்டிலை மாற்ற முடியுமா?

உயரம் பார்க்க முதலில் தன் இடுப்பை அளந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி என் இடுப்பையும் அளந்தார். “அந்த மொனைல நிக்கப்போறது நீதானட்டி” என்றார். அண்ணாச்சி அங்கேதான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார்! எனக்கு அந்த டேப்பைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் போல வந்தது. கடைசியில் இரண்டு இடுப்புக்கும் நடுவாக ஓர் உயரம் முடிவாயிற்று.

கொல்லைத் தரை சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் நிரப்பி, நாலு காலுக்கும் மட்டம் பார்த்தார். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். முக்கால் மணி நேரம் பார்த்தும் என் பக்கம் தாழ்ந்துகொண்டே போகிறது. இவர் ஆப்பை அடிக்கிறார், இன்னும் தாழ்கிறது. இன்னொன்றும் அடிக்கிறார். திரும்பிப் பார்த்தால் கோமு என் காலடியில் உட்கார்ந்து, டியூப் முனையைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

எப்படியோ பெஞ்சு நின்றது. முதல் பலகை அறுத்த அன்று, தறிக்காரர் தன் பழைய மரம் என்ன ஆனது என்று பார்க்க வந்தார். ரம்பம் ஓய்கிற வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னார்: “தறியா நின்னப்பவும் விடிஞ்சா சத்தம், இங்க வந்தும் சத்தம். இந்த மரம் வாய மூடாது போல, தாயி!”

எட்டடி ரவிக்கை

பெஞ்சு வந்த பிறகும் வெட்டு நேராக வரவில்லை. ரம்பத்துக்கு வழிகாட்ட ஒரு ரீப்பரை இரண்டு முனையிலும் இடுக்கி போட்டு இறுக்குவார். மிஷினின் அடித்தட்டு அதை உரசிக்கொண்டே போகும். ஆனால் ரம்பப் பல் இருப்பது தட்டின் ஓரத்திலிருந்து நாலு அங்குலம் மூணு நூல் தள்ளி. ஒவ்வொரு வெட்டுக்கும், கோட்டிலிருந்து அந்த நாலு அங்குலம் மூணு நூலை இரண்டு முனையிலும் அளந்து ரீப்பரை வைக்க வேண்டும். ஒரு முனையில் மூணு நூல், மறு முனையில் நாலு நூல் என்று வைத்தால் பலகை போச்சு. இதில் அண்ணாச்சி அங்குலத்தில் கூவுவார், இவர் மஸ்கட் டேப்பில் சென்டிமீட்டரைத் தேடுவார். இரண்டு பேரும் முட்டிக்கொண்டால் நடுவில் நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். ஒருநாள் இவர் அளப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், இவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக் கேட்டேன்: “ரவிக்கைக்குப் பேப்பர் வெட்டி வைக்கும்போது, தையலுக்கு விடுத அரை அங்குலத்தையும் சேத்தேதான வெட்டி வச்சுக்கிடுதோம். ஒவ்வொரு துணிக்கும் தனியா அளக்க மாட்டோம்லா?”

இவர் ரம்பத்தை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை எல்லாம் இரண்டாந்தடவை கழுவினேன். திரும்பி வந்தவர் அகலமான மெல்லிய பிளைவுட் ஒன்றை எடுத்து, அதன்மேல் நேரான தேக்கு ரீப்பர் ஒன்றை ஒட்டி ஆணி அடித்தார். அந்த ரீப்பரைத் தொட்டபடியே மிஷினை ஒரே ஓட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிளைவுட் நாடா மாதிரி அறுந்து விழுந்தது. இனிமேல் அந்தப் பலகையின் ஓரம் எங்கே இருக்கிறதோ, ரம்பம் அங்கேதான் போகும். நாலு அங்குலமும் வேண்டாம், மூணு நூலும் வேண்டாம். பென்சில் கோட்டில் ஓரத்தை வைத்து இடுக்கியை இறுக்கினால் வேலை முடிந்தது.

அண்ணாச்சி அதற்கு ரவிக்கைப் பலகை என்று பெயர் வைத்துவிட்டார். நாளாக நாளாகப் பலகையும் உதிர்ந்து ரவிக்கை மட்டும் நின்றது. ஒருநாள் சுவர் அலமாரிக்கு அளவு சொல்ல ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். “தங்கச்சி, அந்தப் பெரிய ரவிக்கைய எடுத்துட்டு வா!” என்று அண்ணாச்சி கொல்லையிலிருந்து ஒரு கூப்பாடு. பெரியவர் விருட்டென்று எழுந்து, “நான் பொறவு வாரேன்” என்று செருப்பைத் தேடினார். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணாச்சி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்: “இருங்க ஐயா, எட்டடி நீளம், அதப் பாக்காம நீங்க போவக்கூடாது!”

தறி நிற்கிற நேரம்

இந்த ஊரில் காலையில் விசைத்தறிகள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் எங்கள் விளக்கு அழுத முகமாகிவிடும். ரம்பமும் அப்படித்தான். பிளைவுட்டுக்குள் பாதி போய்விட்டு, “உம்ம்” என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். அந்த இடத்தில் பலகை கருகிப்போகும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டில் அறுப்பு. தெருவில் ஓசை அடங்கிற்றோ இல்லையோ, இவர் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவார். நான் ஒரு கையில் கோமுவின் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு மறு கையால் பலகையைப் பிடிப்பேன்.

எதிர்வீட்டுத் தறி முதலாளி, தன் வீட்டு ஜன்னலுக்குப் பலகை கேட்டு வந்தவர், காரியத்தைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “எங்க தறியும் ஒங்க ரம்பமும் மாமியா மருமவ மாதிரில்லா இருக்கு, ஒண்ணு வாயத் தொறந்தா இன்னொண்ணு மூடிக்கிடுது.”

கோந்து காப்பி

காதர் அண்ணன் மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். லீவில் கடையநல்லூர் வந்திருந்தார். விசாத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “மொதலாளி ஒன்னயத்தான் கேக்காரு மாப்ள. தீவாளிக்குள்ள பதில் சொல்லிரணும்” என்று தாளை நீட்டினார். இவர் வாங்கி இரண்டாக மடித்தார். பிறகு நாலாக மடித்தார்.

நான் அடுப்படியில் நின்றபடி எல்லாம் கேட்டேன். நல்ல காப்பியாகப் போட்டுக் கொடுத்து, இவன் குடும்பம் நன்றாகத்தான் நடக்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்று அந்த அண்ணனுக்கே தோன்றும்படி செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவசரத்தில் எந்த மூட்டைத் தூளை அடுப்பில் அடைத்தேன் என்று பார்க்கவில்லை. தேக்குத் தூள், வேப்பந்தூள் என்றால் சரி. பிளைவுட் தூளில் கோந்து இருக்கிறது. புகைந்தால் கண்ணைக் கரிக்கும், பால் முழுக்க அந்த நாற்றம் ஏறிவிடும். எனக்கு மூக்கடைப்பு. ஏலக்காய் வேறு தட்டிப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காதர் அண்ணன் மரியாதைக்காரர், முழுவதையும் குடித்தார். பெஞ்சையும் அந்த எட்டடி ரவிக்கைப் பலகையையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தன் பக்கத்து வீட்டு ஹாஜியார் புது வீட்டுக்குப் பதினாறு கதவு வேண்டியிருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். இவர் உடனே, “அந்தப் பதினாறும் நூல் பிசகாம வந்துட்டா நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். வரலன்னா ஒங்கூட வாரேன்” என்று சொல்லிவிட்டார். வாசல் தாண்டும்போது காதர் அண்ணன் திரும்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தங்கச்சி, மஸ்கட்டுல நான் போட்ட டீயவே மூணு வருசம் கொற சொன்னவன் இவன், இந்தக் காப்பியக் குடிச்சுக்கிட்டா ஊர்ல இருக்கப் போறான்?”

மூணு பொட்டு

ஆயுத பூசைக்குப் பட்டறைச் சாமான் எல்லாவற்றையும் துடைத்து பெஞ்சுமேல் அடுக்கினோம். அன்றைக்கு எதையும் ஓட்டக்கூடாது. சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். உளிக்கு, இழைப்புளிக்கு, ரம்பத்துக்கு, பெஞ்சின் நாலு காலுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. எட்டடிப் பலகைக்கு மட்டும் மூணு பொட்டு. அது என் பேச்சைக் கேட்டுப் பிறந்த பலகை அல்லவா, சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, ஹாஜியார் வீட்டுக் கதவுக்கு முதல் வெட்டு. அறுத்ததைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்த இவர் முகம் கறுத்துவிட்டது. ஓரத்தில் மூணு இடத்தில் அலை. இன்னொரு பலகை அறுத்தார், அதிலும் மூணு அலை. மூன்றாவதிலும் அப்படியே. ரம்பப் பல்லைக் கழற்றிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், பெஞ்சுக்கு மட்டம் பார்த்தார். அண்ணாச்சி பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். “விஜயதசமியன்னிக்குத் தொட்ட வேல கோணிட்டுன்னா சாமியே போன்னு சொல்லுதுன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். “ஏட்டி, பேனா எங்க?” என்றார். பேனா என் நோட்டுக்குள் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கொல்லைக்கு வந்து கெட்டுப்போன பலகையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அலை இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று. எங்கேயோ பார்த்த இடமாக இருக்கிறதே! பலகையைக் கொண்டுபோய் எட்டடிப் பலகையோடு சேர்த்து வைத்தேன். மிஷின் உரசிக்கொண்டு போகிற தேக்கு ரீப்பரின் ஓரத்தில்தான் மூணு பொட்டையும் வைத்திருக்கிறேன். சந்தனம் காய்ந்து கல்லாக நிற்கிறது. ஒவ்வொரு பொட்டிலும் மிஷின் ஏறி இறங்கியிருக்கிறது.

பின்னாலேயே இவர் வந்து நின்றார், கையில் தாள். அவர் விரலைப் பிடித்து இழுத்து முதல் பொட்டில் வைத்தேன். அப்புறம் இரண்டாவதில். பகல் வெளிச்சத்தில், அண்ணாச்சி பார்க்க, நான் அவர் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மூணாவது பொட்டுக்கு அவரே போய்விட்டார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். கோமு அவர் காலைக் கட்டிக்கொண்டு, “எப்பா, எதுக்குச் சிரிக்கிய? எப்பா, எதுக்குச் சிரிக்கிய?” என்று கேட்டுக் கேட்டுத் தானும் சிரித்தாள். கெட்டுப்போன மூணு பலகையும் ஓரம் சீவப்பட்டு அதே அலமாரிக்கு உள்தட்டாகப் போயின. நான் ஈரத்துணியால் ரீப்பரைத் துடைக்கத் துடைக்க, அண்ணாச்சி பக்கத்தில் நின்று எனக்குப் புத்தி சொன்னார்: “சாமி கும்பிட்டது சரி தங்கச்சி, பொட்ட நெத்தில வைக்கணுமா, மூக்கு நுனில வைக்கணுமா?”

இன்றைய பாடு

பதினாறு கதவும் அறுத்து முடித்தார்கள். இங்கே பெஞ்சுமேல் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது சீட்டுக்கட்டை அடுக்கிய மாதிரி இருந்தன. ஆனால் மாட்டப்போவது கொத்தனார் கட்டிய சுவரில் அல்லவா? எங்கள் வெட்டு நேராக இருந்தால் போதுமா, அவர் சுவர் நேராக இருக்க வேண்டாமா? காலையில் கிளம்பும்போது இவரும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, சட்டைப்பையில் தாள் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பத்து மணிக்கு மாட்ட ஆரம்பித்திருப்பார்கள். ஒவ்வொரு கதவாக நானும் மனசுக்குள் மாட்டிக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்குள் எனக்குப் பதினாறும் ஆகிவிட்டது. ரயில் ஊதின சத்தம் இப்போதுதான் கேட்டது. கோமு வாசற்படியில் ஏறி நிற்கிறாள். ஸ்டேஷனிலிருந்து நடந்து வர இன்னும் கொஞ்ச நேரம்.

தெருமுனையில் அண்ணாச்சி குரல். வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று அவருக்கு எங்கே தோன்றப்போகிறது?

“தங்கச்சீ! பதினாறும் சேந்துட்டு! ஹாஜியார் வீட்டம்மா ரெண்டு கதவுக்கு ஊட தபால் கார்டச் சொருகிப் பாத்தாக, போவல! ‘இந்த வெட்டு மனுசன் வெட்டுனதா, அச்சுல வார்த்ததா’ன்னு கேக்காக!”

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் இந்தக் குரலுக்கு முன்னால் அவை எம்மாத்திரம். இவர் குரல் ஏதோ அடக்குகிறது. அண்ணாச்சி அடங்கவில்லை.

“காதர்ட்ட தாளத் திருப்பிக் குடுத்தாச்சு தங்கச்சி! அவம் மொகத்தப் பாக்கணுமே! ஹாஜியார் தம்பி வீட்டுக்கும் நாமதான், பலக பின்னாலயே வேன்ல வருது!”

கொல்லைப்புறக் கதவு திறந்தாயிற்று. கோமு ஓடிப்போய் யார் தோளிலோ ஏறிவிட்டாள், சிரிப்பு கேட்கிறது. அதோடு அடுத்த கூப்பாடு: “ஏ தங்கச்சி, பெஞ்சு மேல என்னது, அரிசியா? அள்ளு, அள்ளு, வேன் வந்துட்டு!”

தீபாவளி அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியைப் பெஞ்சில்தான், ஒரு பிளைவுட்டைப் போட்டு அதன்மேல் உலர்த்தியிருந்தேன். தண்ணீரை ஊற்றினாலும் எந்தப் பக்கமும் ஓடாத இடம் இந்த வீட்டில் வேறு ஏது? அப்புறம், அவர்கள் இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று யார் கண்டது?

“ஏட்டி!” இது இவர்.

இதோ வாரேன், ஒரே ஒரு வரி. இத்தனை நாள் பட்டு நான் கண்டது இதுதான்: வீட்டிலேயே வேலை பார்க்கிற புருசனை வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு வரியை நிம்மதியாக எழுதி முடிக்க வேண்டும் என்றால் அவரை மஸ்கட்டுக்குத்தான் அனுப்பியாக வேண்டும், ஆனால் நான்